டர்பனில் முதல் பழைய கேரவன்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டிதான் கேரவன். என் அப்பாவுக்கு அது நெடுஞ்சாலையில் எங்கள் காரைக் கடந்து போகும் வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் கடற்கரைகூட இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. மலையடிவாரத்தில் கேரவனை நிறுத்தி ஒரு வாரம் தங்கும் பழக்கம் நம் இந்திய வம்சாவளி வீடுகளில் பாட்டன், அப்பன் வழியாக இறங்கி வரவில்லை. அதனால் டர்பன் பக்கம் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ ஒருவர் முதல் கேரவன் வாங்கக் கிளம்பும்போது, "மாமா, வந்து ஒரு பார்வை பாருங்க" என்று கூப்பிட வீட்டில் விவரம் தெரிந்த ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த மாமா செய்ய வேண்டிய வேலையைத்தான் இந்தக் கட்டுரை செய்யப் பார்க்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, திரைச்சீலை, அடுப்பு எல்லாம் கடைசியில் பார்க்க வேண்டியவை. எடை, ஓதம் (சுவருக்குள் இறங்கிய ஈரம்), காகிதம் இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்தால் எவ்வளவு அழகான கேரவனாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

1. முதலில் உங்கள் வீட்டு வாசலை அளந்து பாருங்கள்

சாட்ஸ்வொர்த் மேட்டு வீடுகளில் கார் ஏறுவதே சிரமம். கேரவன் ஏறும்போது அதன் பின்பக்கம் தரையில் உரசும். கேட்டின் அகலம், உள்ளே திரும்ப இடம், மேலே போகும் மின்கம்பி எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காம்ப்ளெக்ஸில் குடியிருந்தால் கேரவன் நிறுத்த விதிமுறை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இடம் இல்லையென்றால் மாத வாடகைக்கு நிறுத்துமிடம் தேட வேண்டும். அந்த வாடகையையும் கேரவன் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

2. காரும் லைசன்ஸும் எவ்வளவு எடை தாங்கும்?

ஒவ்வொரு கேரவனிலும் முன்பக்கச் சட்டத்திலோ கதவருகிலோ ஒரு தகடு இருக்கும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். டேர் என்பது காலியான எடை. ஜிவிஎம் என்பது சாமான் ஏற்றியபின் அது தாண்டக் கூடாத எடை.

லைசன்ஸ் கார்டில் சாதாரணக் கார் லைசன்ஸான பி மட்டும் இருந்தால் ஜிவிஎம் 750 கிலோ வரையுள்ள டிரெய்லரைத்தான் நீங்கள் இழுக்கலாம், கேரவனும் இதில் சேரும். படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன்களில் பெரும்பாலானவை அதைத் தாண்டும். அவற்றுக்கு, கனமான டிரெய்லரையும் இழுக்க அனுமதிக்கும் ஈபி வேண்டும். கோட் 08 என்ற பழைய கார் லைசன்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது ஈபியாகவே மாற்றப்பட்டது, அதனால் பெரியவர்கள் கார்டை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பி மட்டும் உள்ள பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது லைசன்ஸைத்தான்.

அடுத்தது பிரேக். 750 கிலோவைத் தாண்டிய கேரவன்களில் வழக்கமாக இருப்பது ஓவர்ரன் பிரேக். கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் கேரவன் முன்னே தள்ளும், அந்தத் தள்ளலே பிரேக்கைப் பிடிக்க வைக்கும். இந்த வகைப் பிரேக் மட்டும் இருந்தால், கேரவனின் ஜிவிஎம் உங்கள் காரின் டேர் எடையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். காரின் டேர் 1,350 கிலோ என்று வையுங்கள். 1,250 கிலோ ஜிவிஎம் உள்ள கேரவனை இழுக்கலாம், 1,450 கிலோ கேரவனை இழுக்கக் கூடாது. இதோடு, கார் கம்பெனி கையேட்டில் கொடுத்திருக்கும் இழுவை வரம்பையும் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

டேர் 1,000, ஜிவிஎம் 1,250 என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 250 கிலோதான். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கூடாரம், அதன் இரும்புக் கம்பிகள், கேஸ் சிலிண்டர், பிராய் (இறைச்சி சுடுவது) போடும் அடுப்பு, பிரியாணி அண்டா, அரிசி மூட்டை என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். 50 லிட்டர் தண்ணீர் மட்டுமே 50 கிலோ.

டர்பனிலிருந்து கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் போனால் ஏற்றம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். என்3 சாலை கடல் மட்டத்தில் தொடங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித் போகும்போது 1,600 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும். தெற்குக் கடற்கரையில் ஸ்காட்பர்க் வரை சிரமமில்லாமல் இழுத்த கார் மலை ஏறும்போது திணறுவது இதனால்தான்.

3. தேடுவது

டர்பன் பக்கம் ஸ்பிரைட், ஜிப்சி, யூர்கன்ஸ் இந்த மூன்று பெயர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மூன்றும் நம் நாட்டுச் சாலைகளில் நிறைய ஓடுவதால் பழைய உதிரிபாகம் தேடுவது எளிது. அதிகம் கேள்விப்படாத பெயருள்ள கேரவனை முதல் முறை வாங்குகிறவர் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஜன்னல் ரப்பர் ஒன்றுக்காக ஆறு மாதம் அலைய வேண்டி வரும்.

பார்க்கும் முன் முன்பணம் அனுப்பாதீர்கள். "வேறொருவர் நாளைக் காலை வருகிறார், இப்போதே கொஞ்சம் போட்டுவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் சரி. போகட்டும், வேறு கேரவன் கிடைக்கும்.

4. ஓதம்: இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும்

பழைய கேரவன்களில் பெரும்பாலானவற்றின் சுவருக்குள் மரச்சட்டம் இருக்கிறது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பலகை, நடுவில் மரம். தகடுகள் சேரும் இடத்தில் உள்ள பசை காய்ந்து வெடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மரம் உள்ளுக்குள்ளேயே வருடக்கணக்காக மக்கிக்கொண்டிருக்கும். நம் கடற்கரையில் கோடை முழுவதும் மழையும் புழுக்கமுமாக இருப்பதால், நனைந்த மரம் காய வழியே இல்லை. ஈரம் பட்ட சுவரைத் திறந்து சரிசெய்யும் கூலி சில நேரம் கேரவன் விலையையே தொட்டுவிடும்.

முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். கதவைத் திறந்ததும் முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள். மூடிவைத்த பழைய துணிப் பெட்டி வாசம் வந்தால் ஈரம் இருக்கிறது. சாம்பிராணியோ வாசனை ஸ்பிரேயோ கமகமவென்று அடித்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, படுக்கைக்கு அடியில், அலமாரிக்குள், நான்கு மூலைகளிலும், ஒவ்வொரு ஜன்னலின் கீழ் ஓரத்திலும், கூரைத் திறப்பைச் சுற்றிலும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பலகை ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கினால் உள்ளே மரம் போய்விட்டது. பழுப்புக் கறை, உப்பிய சுவர்த்தாள், ஒரு மூலையில் மட்டும் புதிதாக அடித்த பெயின்ட் இவையெல்லாம் அடையாளங்கள். தரையில் வெறும் காலோடு நடந்து பாருங்கள், கதவருகிலும் கழுவும் தொட்டியின் முன்னாலும் தரை மெத்தென்று இருக்கக் கூடாது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஈரமானி ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும்.

கூரை உயரும் மாடல் என்றால் அதை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள துணி மடிப்பில்தான் கிழியும். வெளியே வந்து, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துச் சிறு ஓட்டைகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உப்புக்காற்றில் வருடக்கணக்காக நின்ற கேரவனில் இது வரும்.

5. அடிப்பகுதி

கீழே ஒரு பாயை விரித்துப் படுத்துப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. இரும்புச் சட்டத்தில் மேலோட்டமான துரு இருந்தால் பரவாயில்லை. ஸ்குரூடிரைவரால் தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் வேண்டாம்.

கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வயதைத் தாண்டிய டயர் பார்க்கப் புதிது போல இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிப் பேசுங்கள். ஸ்டெப்னியையும் விடாமல் பாருங்கள்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக் கேரவனைத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுழற்றினால் கரகரவென்று சத்தம் வரக் கூடாது, மேலும் கீழும் ஆட்டினால் தளர்ச்சி இருக்கக் கூடாது. அங்கே தேய்வது பேரிங். மூலைகளில் இறக்கும் கால்கள் கேரவனை ஆடாமல் நிறுத்தத்தானே தவிர தூக்குவதற்கு அல்ல. அவை வளைந்திருந்தால் யாரோ அவற்றை ஜாக்கியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

6. கேஸ், கரண்ட், ஃபிரிட்ஜ்

கேஸ் குழாய் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் கேரவன் தரையில் திறப்புகள் வைத்திருக்கிறார்கள். பழைய சொந்தக்காரர் எறும்பு வருகிறதென்று அவற்றை அடைத்திருந்தால் முதல் வேலையாகத் திறந்துவிடுங்கள். வாங்கிய பிறகு பதிவு பெற்ற கேஸ் ஆளைக் கூப்பிட்டு முழுவதையும் சோதிக்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். உள்ளே பிள்ளைகள் தூங்கப் போகிறார்கள்.

ஃபிரிட்ஜ் கேஸ், 12 வோல்ட், 220 வோல்ட் மூன்றிலும் ஓடும் வகையாக இருந்தால், மூன்றிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குளிர்ச்சி ஏற மணிக்கணக்காகும். அதனால் காலையிலேயே போட்டுவைக்கும்படி முந்தின நாள் போனில் சொல்லிவிடுங்கள். கேரவன் சமமாக நிற்கவில்லையென்றால் அந்த ஃபிரிட்ஜ் சரியாக வேலை செய்யாது.

7. காகிதம்

இங்கேதான் நாங்கள் அடிபட்டோம். கேரவன் அருமையாக இருந்தது. விற்றவர் நல்ல மனிதர், டீ எல்லாம் கொடுத்தார். பணம் கொடுத்தபின்தான் பதிவுச் சான்றிதழில் இருந்த பெயர் அவருடைய மாமனாருடையது, அவர் இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. இறந்தவரின் சொத்தை விற்க, இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் அதிகாரியான உயர் நீதிமன்ற மாஸ்டரிடமிருந்து, சொத்தை நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டருக்கான அதிகாரக் கடிதம் வேண்டும். அது யாரிடமும் இல்லை. கேரவனுக்கு வருடாவருடம் கட்ட வேண்டிய லைசன்ஸ் கட்டணமும் அந்த நான்கு வருடமாகக் கட்டப்படாமல் அபராதத்தோடு ஏறி நின்றது. எல்லாம் முடிந்து எங்கள் பெயருக்கு மாறும்வரை கேரவன் வாசலிலேயே நின்றது. பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். ஒரு முழு ஈஸ்டர் லீவு போய்விட்டது.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் ஆர்சி1 என்ற பதிவுச் சான்றிதழின் அசலைக் கையில் வாங்குங்கள். அதில் உள்ள பெயரை விற்பவரின் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். டைட்டில்ஹோல்டர் (சட்டப்படி உரிமையாளர்) என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. இரும்புச் சட்டத்தில் பொறித்த சேஸி எண்ணைக் கேரவன் கீழே குனிந்து நீங்களே படித்து, காகிதத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

பெயர் மாற்றுவதற்கு, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வர்த்தி சான்றிதழ் தேவை. அதை விற்பவரே எடுத்துத் தருவதாக விலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அது 60 நாள்தான் செல்லும், பழையதைக் காட்டினால் ஏற்காதீர்கள். விற்பவர் என்சிஓ என்ற உரிமை மாற்றப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஆர்எல்வி என்ற பதிவு விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிய வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், தேதி, சேஸி எண், தொகை எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்றும் இருக்கட்டும்.

கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று கேரவனை அப்படியே சாலைக்குக் கொண்டுவர வேண்டாம். இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசி அதைத் தனியாகச் சேர்த்துவிட்டு, அப்புறம் கொக்கியை மாட்டுங்கள்.

8. வீட்டுக்கு இழுத்து வருவது

கேரவனின் முன்முனையில் உள்ள கப்ளர், காரின் பின்னால் உள்ள கொக்கிப் பந்தின் மேல் உட்கார்ந்து பூட்டியதும், ஜாக்கி வீல் என்ற முன்பக்கச் சிறு சக்கரத்தை இறக்கிக் காரின் பின்பக்கத்தையே தூக்கிப் பாருங்கள். பூட்டு பிடித்திருந்தால் கார் சேர்ந்து எழும்பும். ஏழு முள் பிளக்கை மாட்டி, ஒருவர் பின்னால் நிற்க, எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சங்கிலியையும் மறக்காதீர்கள்.

கொக்கியின் மேல் அழுத்தும் எடை, கேரவன் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம்வரை இருக்கட்டும், ஆனால் காருக்கும், கொக்கி பொருத்திய டோ பாருக்கும் சொல்லியிருக்கும் வரம்பைத் தாண்டக் கூடாது. கனமான சாமானை அச்சுக்கு மேலே, தரையில் வையுங்கள். பின்னால் கனம் போனால் கேரவன் பாம்பு மாதிரி ஆடும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்கவோ ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவோ கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், வேகம் குறைந்ததும் ஆட்டம் அடங்கும்.

ரிவர்ஸ் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காலியான மைதானத்தில் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டால், கை போகும் பக்கமே கேரவனின் பின்புறமும் போகும். பழைய மாடல் சிலவற்றில் ரிவர்ஸுக்கு முன் கப்ளர் அருகே ஒரு சிறு லீவரைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

முதல் பயணத்துக்கே டிராகன்ஸ்பெர்க் மலை வேண்டாம். ஸ்காட்பர்க் போல ஒரு மணி நேரத் தூரத்தில் இரண்டு இரவு தங்குங்கள். என்னென்ன ஒழுகுகிறது, என்னென்ன மறந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து அதையெல்லாம் சரிசெய்யுங்கள். அடுத்த லீவுக்கு அந்த மலையில் உள்ள ராயல் நேட்டல் பூங்காவின் மஹாய் முகாமில் இடம் போடலாம். ஈஸ்டருக்கு அங்கே இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் கேரவன் கைக்கு வந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.