வாட்ச் காட்டும் உயரத்தை எப்போது நம்பலாம்?

காலையில் மேசைமேல் கழற்றி வைத்த மலையேற்ற வாட்ச், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு 30 மீட்டர் மேலே ஏறிவிட்டதாகக் காட்டுகிறதா? சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டால், இந்த வாட்சுகளில் உயரத்தை நேராக அளக்க எதுவுமே கிடையாது. இருப்பது ஒரு காற்றழுத்த சென்சார். அழுத்தம் குறைந்தால் நீங்கள் மேலே ஏறிவிட்டீர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் (பழைய கணக்கில் 1 மில்லிபார்) குறைந்தால் ஏறக்குறைய 8 மீட்டர். ஆனால் அழுத்தம் வானிலையாலும் குறையும், அது மலையா மழையா என்று சென்சாருக்கு எப்படித் தெரியும்?

நம்ம ஊர்ப் பக்கம் இதில் ஒரு கூடுதல் வம்பு. பூமத்திய ரேகைக்கு அருகில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை அலைபோல ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம், அதிகாலை, மாலை 4 மணி வாக்கில் பள்ளம். வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் வரை வரும், அந்த 30 மீட்டர் இங்கிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் இந்த அலை சின்னது. அதனால் அங்கே எழுதப்பட்ட 'அழுத்தம் இறங்கினால் மழை' என்ற சூத்திரத்தை அப்படியே இங்கே வைத்துக்கொண்டால், வாட்சில் இருக்கும் மேகப் படம் தினமும் மதியம் மழை என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை நான் பார்ப்பதே இல்லை. நேற்று இதே நேரத்தில் அழுத்தம் எவ்வளவு, இன்று எவ்வளவு, இதை மட்டும் பாருங்கள். 24 மணி நேர வித்தியாசத்தில் இந்தத் தினசரி அலை தானாகவே கழிந்துவிடும். புயல் அலாரம் வேறு விஷயம். சூன்டோ கம்பெனி வாட்சுகளில் அது 3 மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அடிக்கும், அவ்வளவு வேகம் தினசரி அலைக்குக் கிடையாது, அதனால் மலையில் உட்கார்ந்திருக்கும்போது அது அடித்தால் கூடாரத்தைப் பாருங்கள். நடந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அடித்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏறுவதாலேயே அழுத்தம் குறையும்.

சரி, உயரத்துக்கு வருவோம். கிளம்பும் இடத்தின் உயரத்தை நீங்கள்தான் வாட்சுக்குச் சொல்ல வேண்டும். இதற்கு ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைவிட நல்ல ஆதாரம் இல்லை, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அதிலேயே எழுதியிருக்கும். போன் ஆப்பைப் பார்த்துப் போடுகிறவர்கள் கவனம். ஜிபிஎஸ் கணக்கில் பூமி ஒரு வழவழப்பான நீள்வட்ட உருண்டை, உண்மையான கடல்மட்டமோ தென்னிந்தியாவைச் சுற்றி அந்த உருண்டையைவிடச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது (உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, 106 மீட்டர்). இதைத் திருத்தாத ஆப், மெரினா மணலில் நிற்கும்போது மைனஸ் 90 என்று காட்டும்.

மேட்டுப்பாளையம் சுமார் 326 மீட்டர். அதைப் பதிந்துவிட்டு மலை ரயிலில் ஊட்டி போய் இறங்குங்கள், நிலையம் 2,203 மீட்டரில் இருக்கிறது. அழுத்தத்தை மட்டும் நம்பும் வாட்ச் கிட்டத்தட்ட 100 மீட்டர் குறைவாகக் காட்ட வாய்ப்பு உண்டு. இது கோளாறு இல்லை, கணக்கு அப்படி: கடல்மட்டத்தில் 15 டிகிரி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும் என்ற ஒரு பொதுக் காற்று மண்டலத்தை வைத்து அது உயரம் சொல்கிறது. கீழே 30 டிகிரி அடிக்கும்போது காற்று விரிந்து கிடக்கும், அதே அழுத்தம் குறைய இன்னும் அதிகம் ஏற வேண்டும். 10 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறிய உயரத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் பிழை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு வழி ஒன்றுதான், உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம், குன்னூரில் ஒருமுறை, ஊட்டியில் ஒருமுறை, திருத்திக்கொண்டே போவது.

இரவு தங்குமிடத்தில் வாட்சை பாரோமீட்டர் மோடுக்கு (அழுத்த மாற்றத்தை வானிலை என்று எடுத்துக்கொள்ளும்) மாற்றிவிடுங்கள், காலையில் நடக்கும் முன் ஆல்டிமீட்டர் மோடு (அதை உயரம் என்று எடுத்துக்கொள்ளும்). எது என்று வாட்சே முடிவு செய்யும் ஆட்டோ மோடில் விட்டால் சில சமயம் குழப்பிக்கொள்ளும்.

வெப்பநிலையா? கையில் கட்டியிருக்கும்வரை அது உங்கள் தோலின் சூடு. கழற்றி, நிழலில், பையின் வெளிப்பக்கம் தொங்கவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், அப்போதும் 2 டிகிரி முன்னே பின்னே இருக்கலாம்.

அப்புறம் வாட்சின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருக்கும், காற்று உள்ளே போகும் வழி அது. சன்ஸ்கிரீனும் சேறும் அடைத்துக்கொண்டால் உயரம் ஒரே எண்ணில் நின்றுவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டால் போதும். ஊசியை மட்டும் விட்டுக் குத்தாதீர்கள், சென்சார் அந்த ஓட்டைக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது.