கெய்ன்ஸ்வில் வருகிறீர்களா? நேரம் பார்த்து ஊர் சுற்றுங்கள்

புளோரிடா பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையைப் பார்க்க கெய்ன்ஸ்வில் வருகிற அப்பா அம்மாக்கள், பிள்ளை வகுப்புக்குப் போனதும் வீட்டிலேயே அடைந்து கிடந்துவிட்டு, சனிக்கிழமை ஆனதும் இரண்டு மணி நேரம் கார் பயணம் செய்து ஆர்லாண்டோவுக்குப் போய்விடுகிறார்கள். ஆர்லாண்டோவையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரைச் சுற்றி இருப்பதைப் பார்க்காமல் திரும்புகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

முதலில் தேதி. செப்டம்பர் முதல் நவம்பர் வரை எந்தச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் உள்ளூரில் நடக்கிறது என்று பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். மைதானத்தில் மட்டும் 88,000 பேர் உட்காரலாம். அன்றைக்கு ஹோட்டல் வாடகை எகிறிவிடும், காரை நிறுத்தவும் இடம் கிடைக்காது.

அடுத்து, ஊருக்குத் தெற்கே இருக்கும் பேய்ன்ஸ் பிரேரி. பரந்த புல்வெளியும் சதுப்பும் கலந்த இடம், 17-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்களின் பெரிய மாட்டுப் பண்ணை இருந்தது, இப்போது காட்டுக் குதிரைகளும் 1975-ல் கொண்டுவந்து விட்ட காட்டெருமைகளும் மேய்கின்றன. இங்கே பலரும் செய்யும் தவறு, மேப்பில் பேரைப் போட்டுவிட்டு மிகனோபி பக்கம் இருக்கும் பிரதான வாசலுக்குப் போய், "முதலையே இல்லையே" என்று திரும்பி வருவது. அங்கே பார்வைக் கோபுரம் நன்றாக இருக்கும், ஆனால் முதலைகளை நெருக்கமாகப் பார்க்க வடக்கு ஓரத்தில் தனி வாசல் உள்ள லா சூவா பாதைக்குத்தான் போக வேண்டும். காலையிலேயே போங்கள், நிழல் குறைவு, மதியம் தாங்காது, கோடையில் பிற்பகல் என்றால் இடி மின்னல் வேறு. முதலை அசையாமல் கிடக்கிறதே என்று பக்கத்தில் போய்ப் போட்டோ எடுக்காதீர்கள், தின்ன எதையும் போடாதீர்கள். அதற்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம்.

இச்சடக்னி ஊற்றில் டியூபில் மிதக்க ஆசை என்றால் கோடை வார இறுதியைத் தவிர்த்து, வார நாளில் சீக்கிரமே போய்விடுங்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் 22 டிகிரிதான், நம் ஊர் ஆற்றை நினைத்துக்கொண்டு குதித்தால் உடம்பு விறைத்துப்போகும். கானபஹா தோட்டத்துக்கு வியாழக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. டெவில்ஸ் மில்ஹாப்பர் என்பது 120 அடி ஆழப் பள்ளம், இறங்குவது சுலபம், ஏறி வரும்போதுதான் முட்டி பேசும், அதனால் பெரியவர்கள் மேல் சுற்றுப்பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் வௌவால்கள். இதைத் தவறவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். விளையாட்டு மைதானங்களில் குடியிருந்த வௌவால்களுக்காகப் பல்கலைக்கழகமே 1991-ல் ஆலிஸ் ஏரி எதிரே ஒரு வீடு கட்டியது, இன்று லட்சக்கணக்கில் இருக்கின்றன. பலர் சூரியன் மறைந்ததும் "ஒன்றும் வரவில்லை" என்று கிளம்பிவிடுகிறார்கள், அதற்கப்புறம் கால் மணி நேரம் கழித்துத்தான் புகை மாதிரி கூட்டமாகக் கிளம்பும். நேர் கீழே நிற்காதீர்கள், மேலே எச்சம் விழும். மழை பெய்தாலோ குளிர் அதிகமானாலோ அவ்வளவாக வெளியே வராது, அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் மாலை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.