முகட்டுக் காட்டில் மரம், செடி கணக்கெடுப்பது எப்படி

வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஒரு மலைமுகட்டுக் காட்டுக்கு முதல் தடவை போனபோது 20 மீட்டர் டேப்பைச் சரிவோடு சரிவாகத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் குச்சி நட்டு, சதுரக் கட்டமாகக் குறித்து, அதற்குள் இருப்பதை எண்ண ஆரம்பித்தேன். பாதி வேலை முடிந்த பிறகுதான் உறைத்தது, பரப்பு என்பது கிடைமட்டக் கணக்கு. 30 டிகிரி சரிவில் தரையோடு 20 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் 17.3 மீட்டர்தான் தேறும். எல்லாக் கட்டத்தையும் திரும்ப அளந்தேன். டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, சின்னச் சின்னத் தூரமாக அளந்தால் இந்தத் தலைவலி இல்லை.

கட்டங்கள் எங்கே என்பதை வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போய் முடிவு செய்தால் கால் தானாக முள்ளில்லாத இடத்துக்குத்தான் போகும். உச்சியில் மண் மெலிந்து காய்ந்திருக்கும். அங்கே ஓக் அதிகம். இறங்க இறங்க ஈரம் கூடி மேப்பிள் சேரும். அதனால் உச்சியிலும் இரண்டு பக்கச் சரிவிலும் கட்டங்கள் வேண்டும்.

மரங்களுக்கு 20-க்கு 20 மீட்டர், அதற்குள்ளேயே புதருக்கு 5-க்கு 5, தரைச்செடிக்கு 1-க்கு 1. மரத்தின் மேட்டுப் பக்கம் நின்று, 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம்.

அடையாளம் காண்பதில்தான் நேரம் போகும். ஹிக்கரி, ஆஷ் இரண்டு மரத்துக்கும் கூட்டிலை, அதாவது ஒரே காம்பில் பல சிற்றிலைகள். தூரத்திலிருந்து ஒன்றுபோலவே இருக்கும். இலையை விடுங்கள், கிளையைப் பாருங்கள். ஆஷில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக முளைக்கும், ஹிக்கரியில் மாறி மாறி. ஒரு கணுவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜோடியில் ஒன்று உதிர்ந்திருந்தால் ஆஷும் ஹிக்கரி மாதிரி நடிக்கும். நாலைந்து கணு பாருங்கள். (மூன்று சிற்றிலைக் கொடியை மட்டும் தொடாதீர்கள். பாய்சன் ஐவியாக இருந்தால் அரிப்பு லேசில் விடாது.)

அப்புறம், ஒரு தடவை போனால் போதாது. டிரில்லியம் போன்ற தரைச்செடிகள் மரங்கள் தழைக்கும் முன் பூத்துவிடும். கோடையின் கடைசியில் போனால் பலவற்றின் சுவடே இருக்காது. வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று அதே கட்டங்களுக்குப் போங்கள்.

பெயர் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். 'தெரியாதது 7' என்று குறித்து, பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, தாள் மேலும் அதே எண்ணை எழுதுங்கள். முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.