அமெரிக்க அதிபர்களின் கல்லறைகளைப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? இப்படிப் போங்கள்

அம்மா எங்களோடு தங்க வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை பிரின்ஸ்டன் போகலாம் என்று கிளப்பினேன். பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர், நான் வண்டியை நிறுத்திய இடத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே, வீட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்தணும்" என்றார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அன்று பார்த்தது குரோவர் கிளீவ்லாந்தின் கல்லறை. இரண்டு முறை அதிபராக இருந்தவர், ஆனால் பக்கத்துக் கல்லறைகளைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அருகில் மனைவி, 12 வயதில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்த மகள் ரூத். அதே கல்லறைத் தோட்டத்தில், அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்ற துணை அதிபர் ஆரன் பர்ரும் இருக்கிறார் என்று சொன்னதும் அம்மாவுக்கு ஆர்வம் இன்னும் கூடிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டரை ஜார்ஜியாவின் பிளெய்ன்ஸ் ஊரில் அவர் வீட்டு வளாகத்திலேயே, மனைவி ரோசலின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அதோடு இறந்து அடக்கமான அதிபர்கள் கணக்கு 40 பேர். இடங்கள் 37தான், ஏனென்றால் மூன்று இடங்களில் இரண்டிரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே நினைவிடம் என்று அரசு எதையும் ஒதுக்கவில்லை, அவரவர் ஊர், அவரவர் குடும்பத்தின் விருப்பம். அதனால்தான் இந்த 37 இடங்களும் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் வர்ஜீனியாவில் 7 பேர், நியூயார்க் மாநிலத்தில் 6 பேர், ஒஹையோவில் 5 பேர். இந்த மூன்று மாநிலத்தை முடித்தாலே 18 பேர், கிட்டத்தட்ட பாதி முடிந்துவிடும்.

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த இடத்தை யார் நடத்துகிறார்கள்? டிக்கெட், நேரம், பார்க்கிங் எல்லாம் அதைப் பொறுத்தது. தேசியப் பூங்காத் துறை நடத்தும் இடங்கள் உண்டு (கிராண்ட், ஆண்ட்ரூ ஜான்சன் மாதிரி), அங்கே காவலர்கள் நன்றாக விளக்குவார்கள், பூங்காத் துறை விற்கும் 'பாஸ்போர்ட்' என்ற நினைவுப் புத்தகம் வைத்திருந்தால் முத்திரையும் குத்திக்கொள்ளலாம். அதிபர் நூலகங்களுக்குள் இருப்பவை உண்டு. ட்ரூமன், ஐசனோவர், நிக்சன், ஃபோர்டு, ரேகன், மூத்த புஷ் எல்லாம் இந்த வகை. மியூசியத்துக்கு டிக்கெட் இருந்தாலும் சிலவற்றில் கல்லறையை மட்டும் காசில்லாமல் பார்க்க விடுவார்கள், கவுண்டரில் கேட்டுவிட்டுப் பிறகு கார்டை நீட்டுங்கள். மவுண்ட் வெர்னன், மாண்டிசெல்லோ போன்ற பழைய பண்ணை வீடுகள் தனியார் அறக்கட்டளைகளின் கையில், டிக்கெட் கட்டாயம், குடும்பத்தோடு போனால் கொஞ்சம் செலவாகும். கடைசி வகை, எல்லோரையும் புதைக்கும் சாதாரணக் கல்லறைத் தோட்டம். எனக்குப் பிடித்தது இதுதான், நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஒரே சிக்கல், ஜிபிஎஸ் உங்களை முதன்மை வாசலில் கொண்டுவிட்டுவிடும், உள்ளே நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும். அலுவலகத்தில் வரைபடம் கேட்டு வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே கைபேசியில் இறக்கி வையுங்கள். மாலையில் வாசலைச் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள், நாலு மணிக்கு மேல் உள்ளே போகவே போகாதீர்கள்.

முதல் பயணத்துக்கு வாஷிங்டன், வர்ஜீனியா பக்கம் போங்கள். இரண்டரை நாளில் எட்டுப் பேரைப் பார்த்துவிடலாம்.

முதல் நாள் காலை ஆர்லிங்டன். மெட்ரோ ரயில் வாசலிலேயே விடும், கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். கூட்டம் மொத்தமும் கென்னடியின் அணையா விளக்கை நோக்கித்தான் நடக்கும். 1963 நவம்பர் 25-இல் ஜாக்குலின் ஏற்றியது. அவர் இப்போது கணவர் பக்கத்தில் இருக்கிறார், பிறந்து உயிர் தங்காத இரண்டு குழந்தைகளும் அங்கேதான். கொஞ்சம் தள்ளித் தம்பி ராபர்ட்டுக்கு ஒரு வெள்ளைச் சிலுவை, அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள், டாஃப்டின் கல்லறையும் இங்கேதான். ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்ட முதல் அதிபர், பிறகு தலைமை நீதிபதியாகவும் இருந்தவர், ஆனாலும் அங்கே ஈ காக்கை இருக்காது. ஆபிரகாம் லிங்கனின் மூத்த மகன் ராபர்ட்டும் இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார், அப்பாவோடு இல்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: வார நாள்களில் இங்கே அடக்கங்கள் நடந்துகொண்டேதான் இருக்கும். குதிரை வண்டியோ ஊர்வலமோ வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், கேமராவை உள்ளே வையுங்கள், அது யாரோ ஒரு குடும்பத்தின் துக்கம்.

மதியம் தேசியப் பேராலயம். உட்ரோ வில்சன் அதற்குள்ளேயே இருக்கிறார். வாஷிங்டன் நகருக்குள் அடக்கமான ஒரே அதிபர் அவர்தான். பக்கத்தில் மெட்ரோ நிலையம் இல்லை, பேருந்தோ டாக்ஸியோதான். சுற்றிப் பார்க்கக் கட்டணம் வாங்குவார்கள்.

இரண்டாம் நாள் காலை மவுண்ட் வெர்னன், நகரிலிருந்து ஏறக்குறைய 15 மைல், வருடத்தில் 365 நாளும் திறந்திருக்கும். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பயம் இருந்தது, இறந்தபின் மூன்று நாள் ஆகும்வரை உள்ளே வைக்கக் கூடாது என்று செயலரிடம் சொல்லிவிட்டுத்தான் 1799 டிசம்பரில் கண்ணை மூடினார். பழைய கல்லறை பழுதடைந்திருந்ததால் புதிதாகச் செங்கல்லில் கட்டச் சொல்லி உயில் எழுதியிருந்தார், அதற்கு 1831 வரை ஆயிற்று. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியில் அவருக்கென்றே கட்டிய அறை இன்றும் காலியாகக் கிடக்கிறது. கல்லறையைப் பார்த்ததும் வீட்டுக்குள் நுழையும் வரிசைக்கு ஓடாமல், பக்கத்திலேயே அந்தப் பண்ணையில் அடிமைகளாக உழைத்தவர்களைப் புதைத்த இடத்துக்கும் போங்கள். அங்கே பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை, வெறும் மரங்களும் பின்னாளில் வைத்த நினைவுச் சின்னங்களும்தான்.

அங்கிருந்து தெற்கே ஓட்டினால் சார்லட்ஸ்வில். மாண்டிசெல்லோவில் ஜெஃபர்சனின் கல்லறையை இரும்பு வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், அந்த இடம் இன்றும் அவர் வம்சாவளியினர் சங்கத்துக்குச் சொந்தம். கல்லில் என்ன எழுத வேண்டும் என்பதை அவரே எழுதி வைத்தார்: விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. எட்டு வருடம் அதிபராக இருந்தது அதில் இல்லை! இப்போது நிற்பது புதுக் கல், அவருக்கு முதலில் வைத்த கல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பக்கத்தில் முப்பது மைலுக்குள் மேடிசனின் கல்லறை இருக்கும் மாண்ட்பீலியர் பண்ணை, நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

கடைசியாக ரிச்மண்ட், ஹாலிவுட் கல்லறைத் தோட்டம். பெயரைப் பார்த்து சினிமாவோடு முடிச்சுப் போடாதீர்கள், ஹாலி என்பது ஒரு மரம். ஜேம்ஸ் ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் மன்றோவுக்கு ஒரு வார்ப்பிரும்புக் கூடு, உள்ளூர்க்காரர்கள் பறவைக்கூண்டு என்கிறார்கள். நியூயார்க்கில் புதைத்திருந்தவரை 1858-இல் இங்கே கொண்டுவந்தார்கள். சில அடி தள்ளி ஜான் டைலர். பிரிந்துபோன தென் மாநிலங்களின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகி, அதில் உட்காரும் முன் 1862-இல் இறந்தவர், அவர் பெட்டிமேல் போர்த்தியது அந்தப் பிரிவினைக் கூட்டமைப்பின் கொடி. அமெரிக்க அதிபராக இருந்தவருக்கு இப்படி ஒரு முடிவு. 37 இடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் நான் இங்கேதான் அனுப்புவேன்.

நியூயார்க்கை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், மாநிலம் பெரிது. மன்ஹாட்டனில் 122-ஆவது தெருவில் கிராண்ட், 1-ஆம் எண் ரயிலில் போகலாம், இலவசம், ஆனால் எல்லா நாளும் திறப்பதில்லை. 'கிராண்டின் சமாதியில் புதைக்கப்பட்டிருப்பவர் யார்?' என்று ஒரு பழைய கடி ஜோக் உண்டு. சரியான விடை, யாரும் இல்லை. அவரும் மனைவி ஜூலியாவும் தரைமட்டத்துக்கு மேலே கல்பேழைகளில் இருக்கிறார்கள், யாரையும் மண்ணுக்குள் வைக்கவில்லை. ராணுவக் கல்லூரி இருக்கும் வெஸ்ட் பாயிண்டில் மனைவிக்கு இடம் தர மாட்டார்கள் என்பதால் அந்த இடத்தையே வேண்டாம் என்றவர் அவர். ஹைட் பார்க்கில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ரோஜாத் தோட்டத்தில் இருக்கிறார். வெள்ளைச் சலவைக்கல், 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரம், செதுக்கல் எதுவும் கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே குறிப்பு எழுதி வைத்தார். அவருடைய நாய் ஃபாலாவும் அங்கேயே, குழந்தைகள் அந்தக் கல்லைத்தான் முதலில் தேடுவார்கள். தியடோர் ரூஸ்வெல்ட் லாங் ஐலண்டின் ஆய்ஸ்டர் பேயில், 26 படி ஏற வேண்டும், அவர் 26-ஆவது அதிபர். மற்ற மூவருக்கும் தனியாகப் பயணம் வைக்காதீர்கள். நயாகராவுக்கு எப்படியும் போகத்தானே போகிறீர்கள், அப்போது பஃபலோவில் ஃபில்மோரை முடித்துவிடுங்கள், ஆல்பனி பக்கம் போகும்போது மெனாண்ட்ஸில் ஆர்தரையும் கிண்டர்ஹூக்கில் வான் ப்யூரனையும் பார்த்துவிடுங்கள்.

ஒஹையோவுக்கு இரண்டு நாள் வேண்டும், வெயில் காலத்தில் போங்கள், ஏனென்றால் கிளீவ்லாந்தில் கார்ஃபீல்டு நினைவிடத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். வேறெந்த அதிபருக்கும் இல்லாத ஒன்று இங்கே, கொடி போர்த்திய அவர் பெட்டியையே நேராகப் பார்க்கலாம். 1881 ஜூலையில் சுடப்பட்டார். குண்டைத் தேடுகிறேன் என்று டாக்டர்கள் கழுவாத விரலை விட்டுத் துழாவியதில் சீழ் பிடித்து, இரண்டரை மாதம் துடித்துத்தான் இறந்தார். கேண்டனில் மெக்கின்லிக்கு 108 படி, முட்டி வலிக்காரர்கள் கீழேயே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீமாண்டில் ஹேய்ஸ், மேரியனில் ஹார்டிங், பதவியேற்று ஒரு மாதத்தில் இறந்த வில்லியம் ஹாரிசன் தென்மேற்கு மூலையில் நார்த் பெண்டில். அவரைக் கடைசியில் வையுங்கள்.

லிங்கனுக்குத் தனிப் பயணமே போடலாம். இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு, ஓக் ரிட்ஜ். வாசலில் உள்ள வெண்கலத் தலையின் மூக்கு மட்டும் பளபளக்கும், வருகிறவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டு அப்படி ஆகிவிட்டது, நீங்களும் தொடத்தான் போகிறீர்கள். 1876 தேர்தல் நாள் இரவில் கள்ளநோட்டுக் கும்பல் ஒன்று அவர் உடலைத் திருடிப் பணயம் வைக்கப் பார்த்தது. சிறையில் இருக்கும் தங்கள் ஆளை விட வேண்டும், கூடவே 2 லட்சம் டாலரும் வேண்டும் என்பது திட்டம். கூட்டத்திலேயே ஓர் உளவாளி இருந்ததால் பிடிபட்டார்கள். அந்தப் பயத்தில் பெட்டியை அங்கும் இங்கும் ஒளித்து வைத்து, ஒருவழியாக 1901-இல் பத்தடி ஆழத்தில் இறக்கிக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். அதனால் உள்ளே நீங்கள் பார்க்கும் சிவப்புக் கல் வெறும் அடையாளம், பெட்டி அதற்குள் இல்லை.

மற்றவற்றில் நாஷ்வில் லாபம், ஒரே நாளில் இரண்டு பேர்: ஹெர்மிட்டேஜ் பண்ணையில் ஜாக்சன், மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் போல்க். போல்க் காலராவில் இறந்தவர் என்பதால் முதலில் ஊர்ப் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், பிறகு சொந்த வீட்டுக்கு மாற்றி, 1893-இல் இங்கே கொண்டுவந்தார்கள். பாஸ்டன் போனால் குவின்சியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் ஆடம்ஸ் அப்பாவும் மகனும் மனைவிமாரோடு கருங்கல் பேழைகளில் இருக்கிறார்கள். ஜான் ஆடம்ஸ் இறந்த 1826 ஜூலை 4-லேயே மாண்டிசெல்லோவில் ஜெஃபர்சனும் இறந்தார்.

தேதி உங்கள் கையில் இருந்தால் அந்தந்த அதிபரின் பிறந்தநாளுக்குப் போங்கள். பதவியில் இருக்கும் அதிபரின் பெயரில் ராணுவத்தார் மலர்வளையம் வைப்பார்கள், சின்ன நிகழ்ச்சிதான், பக்கத்தில் நின்று பார்க்கலாம். லிங்கனுக்கு பிப்ரவரி 12, வாஷிங்டனுக்கு 22. குளிருக்கு நல்ல கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெர்மாண்டுக்கு இலையுதிர் காலத்தில் நிறம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பிளிமத் நாட்ச் என்ற சின்ன மலைக்கிராமத்தில், சாலையை ஒட்டிய சரிவில் கூலிட்ஜ் இருக்கிறார். சுற்றிலும் தாத்தா, பாட்டி, அப்பா, அதிபராக இருக்கும்போதே பறிகொடுத்த 16 வயது மகன். சாதாரணக் கிரானைட் கல், பெயர், தேதிகள், அதிபர் முத்திரை. டிக்கெட் இல்லை, காவலர் இல்லை, அக்டோபர் நடுவில் போனால் எதிர்மலை முழுக்கச் சிவந்திருக்கும்.