பழைய நிலக்கரி ஃபர்னஸைச் சீர்செய்து மறுபடி எரிய வைப்பது எப்படி: முதல்முறை செய்கிறவர்களுக்கு

வடகிழக்கு பென்சில்வேனியாவில், ஸ்க்ரான்டன், வில்க்ஸ்-பாரி பக்கம் நூறு வருட வீடு ஒன்றை வாங்கினால் பேஸ்மென்ட்டில் ஒரு பெரிய இரும்பு உருளை நிற்க வாய்ப்பு உண்டு. அதுதான் வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி ஃபர்னஸ். அதன் தலையிலிருந்து நாலா பக்கமும் பருத்த தகரக் குழாய்கள் மேலே ஏறிப் போகும், அதனால்தான் இங்கே எல்லோரும் அதை ஆக்டோபஸ் என்கிறார்கள். நடுவில் நெருப்பு எரியும் வார்ப்பிரும்புப் பானை, அதைச் சுற்றித் தகர உறை. இரண்டுக்கும் நடுவே சூடாகிற காற்று தானாகவே மேலே எழும்பி அறைகளுக்குப் போகும், குளிர்ந்த காற்று கீழே இறங்கி வரும். விசிறி, மோட்டார் எதுவும் கிடையாது. ஜனவரியில் பனிப்புயல் அடித்து இரண்டு நாள் கரண்ட் போனாலும் வீடு சூடாகவே இருக்கும் என்பதுதான் இதைக் காயலான் கடைக்குப் போடாமல் சரிசெய்ய நான் சொல்லும் முதல் காரணம். இரண்டாவது, ஆந்த்ரசைட் என்ற கெட்டியான, புகை குறைந்த நிலக்கரி ஒரு டன்னின் வெப்பம் ஏறத்தாழ 180 காலன் ஹீட்டிங் எண்ணெயின் வெப்பத்துக்குச் சமம், அந்தக் கரி பக்கத்து மலையிலேயே வெட்டப்படுகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். காற்று கீழிருந்து, கரிக்குள் புகுந்துதான் மேலே வர வேண்டும். எரிந்த வாயு சிம்னி வழியாக மட்டும்தான் வெளியே போக வேண்டும். இனி நான் சொல்லும் எல்லா வேலையும் இந்த இரண்டுக்காகத்தான். ஆந்த்ரசைட் விறகு மாதிரி மேலே காற்றுப் பட்டால் எரியாது. வில்க்ஸ்-பாரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் 1808 பிப்ரவரியில் கரியை இரும்புக் கம்பித் தட்டின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்று போகவிட்டு எரித்துக் காட்டிய பிறகுதான் இந்தக் கரி வீட்டுக்குள் பரவலாக வந்தது. இந்த விளக்கம் முழுக்க ஆந்த்ரசைட்டுக்கு மட்டும், புகை கக்கும் சாதாரண பிட்டுமினஸ் கரிக்கு முறையே வேறு.

தொடும் முன்: ஆஸ்பெஸ்டாஸ்

குழாய்களின் மேல் சுற்றியிருக்கும் வெள்ளைக் காகிதம், உருளையின் தலையில் பூசிய சாம்பல் நிறப் பூச்சு, சில சமயம் இணைப்புகளுக்குள் இருக்கும் பழைய சிமென்ட், இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார், இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டாதீர்கள், துடைப்பத்தால் தட்டாதீர்கள், வாக்வம் போடாதீர்கள். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, இருக்கிறது என்று வந்தால் உரிமம் பெற்ற ஆட்களை வைத்து எடுத்த பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். செலவுதான், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பானையில் விரிசல் இருக்கிறதா?

இதுதான் ஃபர்னஸ் வாழுமா சாகுமா என்பதைத் தீர்மானிக்கும் சோதனை. பேஸ்மென்ட்டை நன்றாக இருட்டாக்கி, பளிச்சென்ற விளக்கு ஒன்றை நெருப்புப் பானைக்குள் இறக்கி, வெளித் தகர உறையின் ஒரு பலகையைக் கழற்றிவிட்டுப் பானையையும் அதற்கு மேலுள்ள புகை அறையையும் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். கோடு போல வெளிச்சம் கசிந்தால் விரிசல். சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டியும் பாருங்கள்: நல்ல வார்ப்பிரும்பு கோயில் மணி போல் கணீரென்கும், விரிசல் விட்டது மொத்தென்று அடங்கும். வெளிச்சம் இரண்டு பாகங்கள் சேரும் இணைப்பில் கசிந்தால் பயப்பட வேண்டாம், அதை அடைத்துவிடலாம். ஆனால் பானையின் உடம்பிலோ புகை அறையின் உடம்பிலோ விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு நேராகப் படுக்கையறைக்குப் போகும். சிமென்ட் பூசிச் சமாளிக்க நினைக்காதீர்கள். அந்தப் பாகத்துக்கு மாற்று கிடைக்காவிட்டால் ஃபர்னஸை விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யக் கற்றுக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு பழைய கதையும் காரணம். மிச்சிகனின் ஹாலண்ட் ஃபர்னஸ் நிறுவனம் ஒரு காலத்தில் நாடு முழுக்க ஃபர்னஸ் விற்றது. அதன் விற்பனையாட்கள் பாதுகாப்புச் சோதனை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, ஓடிக்கொண்டிருந்த ஃபர்னஸைப் பிரித்துப் போட்டு, இது ஆபத்து, இனி மாட்டித்தர முடியாது, புதியது வாங்குங்கள் என்று மிரட்டியிருக்கிறார்கள். மத்திய வர்த்தக ஆணையம் தடை போட்டும் அது நிற்கவில்லை. கடைசியில் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் பி. டி. செஃபுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக 6 மாதச் சிறை, 1966ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கதவில் வார்த்திருக்கும் பெயரைப் பார்த்தோ யாரோ சொன்னதைக் கேட்டோ முடிவெடுக்காமல், விளக்கைப் போட்டு இரும்பைப் பாருங்கள்.

கிரேட்

கரியைத் தாங்கும் கம்பித் தட்டுதான் கிரேட். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை ஆட்டினால் அது அசைந்து சாம்பலைக் கீழே உதிர்க்க வேண்டும். துருவில் இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள், சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு உடைந்துதான் போகும். நடுவில் வளைந்து தொங்கும் கிரேட்டை மாற்றியே ஆக வேண்டும். பழைய பாகங்கள் விற்பவர்களிடம் கிடைக்காவிட்டால், இருப்பதையே மாதிரியாகக் கொடுத்து ஃபவுண்டரியில் வார்த்து வாங்கலாம். கிரேட் ஏன் வளைகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கீழே சாம்பல் குவிந்து கிரேட்டைத் தொட்டுவிட்டால் அதைக் குளிரவைக்கும் காற்று நின்றுபோய், இரும்பு நெருப்பிலேயே வெந்துவிடும். சாம்பலை ஒழுங்காக அள்ளுகிற வீட்டில் கிரேட் பல காலம் உழைக்கும்.

அடைப்பு வேலை

இணைப்புகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, லேசாக ஈரமாக்கி, ஃபர்னஸ் சிமென்ட்டை அழுத்தி வையுங்கள். கதவுகளுக்கு, முக்கியமாகச் சாம்பல் அறைக் கதவுக்கு, கண்ணாடியிழைக் கயிறு வைக்க இடமிருந்தால் வையுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று ஒழுகுகிறது. கீழ்க்கதவில் ஒழுகினால் நெருப்பை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது, அதுவே உங்களைக் கட்டுப்படுத்தும். உட்புறம் செங்கல் வைத்த ஃபர்னஸ் என்றால் உதிர்ந்த தீச்செங்கற்களையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

சிம்னியும் குழாயும்

முதலில் சிம்னி துப்புரவாளரைக் கூப்பிட்டு உள்ளே களிமண் ஓடு முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊர்க் கட்டட அலுவலகத்தில் அனுமதியும் வாங்குங்கள், வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். ஃபர்னஸுக்குத் தனிச் சிம்னி வழி வேண்டும், தண்ணீர் ஹீட்டரோடு பங்கு போடக் கூடாது. குழாய் 24 கேஜ் தடிமனுள்ள கறுப்புத் தகரம், அடிக்குக் குறைந்தது கால் அங்குலம் மேல்நோக்கிய சாய்வு, ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகு, 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். குழாய்க்கும் மர உத்தரத்துக்கும் நடுவே 18 அங்குலம் இடைவெளி விடுங்கள்.

குழாயில் ஒரு பாரோமெட்ரிக் டேம்பர் மாட்டுங்கள், திட எரிபொருளுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கி. காற்று பலமாக அடித்துச் சிம்னி அதிகமாக இழுக்கும்போது அதன் சிறு கதவு தானாகத் திறந்து இழுப்பைச் சமன் செய்யும். அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் வைத்து, சிம்னியின் இழுப்பை 0.04 முதல் 0.06 அங்குல நீர் அளவுக்குள் நிறுத்துங்கள். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைக்குப் பக்கத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டாமல் தீக்குச்சியைத் தொடாதீர்கள்.

முதல் நெருப்பு

சிமென்ட் காய இரண்டு மூன்று முறை சின்ன விறகு நெருப்பு மட்டும் போட்டு ஆறவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து. அப்புறம் கரி. கையால் அள்ளிப் போடும் ஃபர்னஸுக்குப் பெரும்பாலும் நட் என்று விற்கும் துண்டு அளவுதான் பொருந்தும், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் வரை.

காகிதம், சுள்ளி, காய்ந்த கெட்டி விறகு போட்டு நல்ல தணல் பிடித்ததும் அதன் மேல் மெல்லிய அடுக்காகக் கரி. அது சடசடவென்று வெடித்துச் சிவக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு. இப்படிப் பானையின் விளிம்பு வரை ஏற்றுங்கள், ஆழமில்லாத கரிப் படுகை நின்று எரியாது, புதிதாகச் செய்கிறவர்களுக்கு நெருப்பு அணைவது பெரும்பாலும் கரியைக் கஞ்சத்தனமாகப் போடுவதால்தான். ஒவ்வொரு முறையும் ஒரு மூலையில் கங்கு கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவைக்க வேண்டும். புதுக் கரியிலிருந்து வரும் வாயு அந்தக் கங்கில் பற்றிக்கொண்டு, கரிப் பரப்பின் மேல் நீலச் சுடர்கள் அசைந்தாடும். முழுவதும் மூடிவிட்டால் வாயு தேங்கி ஒரேயடியாகப் பற்றி, கதவு படாரென்று திறந்து குழாயே கழன்றுபோகலாம். நெருப்பு ஏறுவதற்காகச் சாம்பல் கதவைத் திறந்து வைத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள், அதை மறந்து மாடிக்குப் போனால் இரும்பு செக்கச் சிவந்துவிடும்.

பிறகு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கவனித்தால் போதும். கைப்பிடியைச் சிறு சிறு அசைவாக ஆட்டுங்கள், சாம்பல் அறையில் சிவந்த கங்கு விழத் தொடங்கியதும் நிறுத்தி, மேலே கரி போடுங்கள். மேலிருந்து கம்பியால் குத்திக் கிளறாதீர்கள், சாம்பல் உருகிக் கட்டி தட்டும். அள்ளிய சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே. வெளியே வெப்பம் 50 பாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்களில் சிம்னி சரியாக இழுக்காது, அப்போது நெருப்பை அணைய விடுவதே நல்லது.

வசந்தத்தில் கடைசி நெருப்பு அணைந்த அதே வாரம் குழாயைக் கழற்றி உள்ளே படிந்த சாம்பலை முழுக்கத் துடைத்துவிடுங்கள். அந்தச் சாம்பலில் கந்தகம் இருக்கிறது, கோடைக்காலத்துப் பேஸ்மென்ட் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி, அக்டோபருக்குள் புதுக் குழாயையே ஓட்டை போட்டுவிடும். கழற்றிய குழாயைக் காய்ந்த இடத்தில் வைத்து, சிம்னி வாயைத் துணியால் அடைத்து, அடுத்த முறை பற்றவைக்கும் முன் அதை எடுக்கச் சொல்லி ஃபர்னஸ் கதவிலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.