தள்ளாடும் கால்களுக்கு தாய் சி

வீட்டுப் பெரியவர் நடக்கும்போது சுவரைப் பிடிக்கத் தொடங்கிவிட்டாரா? தாய் சி பழக்கிப் பாருங்கள். சீனாவில் தற்காப்புக் கலையாகப் பிறந்தது. இன்று அங்கே பூங்காக்களில் தாத்தா பாட்டிகள் காலையில் செய்யும் நிதானமான பயிற்சி. 1956-ல் இதை 24 அசைவுகளாகச் சுருக்கினார்கள். தளர்ந்தவருக்கு அத்தனையும் வேண்டாம்.

எடை மாற்றுவதை மட்டும் முதலில் பழகட்டும். முதியவர்கள் தடுமாறி விழுவது பல நேரம் எடை ஒரு காலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த நொடியில்தான். கனமான மர நாற்காலியின் முதுகைப் பிடித்து, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்கட்டும். மெதுவாக வலது காலுக்கு எடையைக் கொண்டுபோகட்டும். இடது பாதத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிவிடலாம் என்ற அளவுக்கு அது லேசாக வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்று, அப்புறம் மறுபக்கம். பக்கத்துக்கு ஐந்து முறை போதும். அவசரமே கூடாது, மெதுவாகச் செய்வதில்தான் கால் தசைக்கு வேலை.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாய்ந்துவிடும். தளர்ந்த செருப்பும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம்.

நிற்கவே முடியாதவர் உட்கார்ந்தபடி, மூச்சை இழுக்கும்போது கைகளை மார்பு வரை உயர்த்தி, விடும்போது இறக்கலாம்.

2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் இருமுறை, 24 வாரங்கள் தாய் சி செய்த பார்கின்சன் (நடுக்குவாதம்) நோயாளிகளுக்கு உடல் சமநிலை கூடியது. தலைசுற்றல் உள்ளவரும் அண்மையில் விழுந்தவரும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்கட்டும்.