அட்டவணையை விட்ட பிறகு

நண்பர்களோடு எங்கே கிளம்பினாலும் மணிவாரியாக அட்டவணை போடுவேன். ஆறு மணிக்கு அருவி, எட்டு மணிக்கு இட்லி. ஒருவன் தாமதமாக எழுந்தாலே எனக்கு முகம் சுருங்கிவிடும். அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேச மாட்டேன்.

ஒரு ஜூலையில் குற்றாலம் போனோம். ராத்திரி பெய்த மழையில் பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அதே கதை. நான் நொந்துபோய் நின்றேன். "சும்மா நடப்போம், வாடா" என்று ஒருவன் இழுத்துப் போனான். அப்படித்தான் சித்திர சபையைப் பார்த்தேன். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று; அங்கே அவர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். சுவரெல்லாம் பழைய ஓவியங்கள். என் அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மத்தியானம் பிரானூர் பார்டரில் பரோட்டா. பேச்சு இருட்டும்வரை நீண்டது.

இப்போது ரயில் டிக்கெட்டும் அறையும் மட்டும்தான் முன்பதிவு. ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம், மழை வந்தால் அதற்கு ஒரு மாற்று. மற்றதைக் காலை டீயின்போது பேசிக்கொள்கிறோம். யாருக்காவது அசதியா? சரி, தூங்கட்டும். மற்றவர்கள் போய் வருகிறோம், வரும்போது அவனுக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு.